டென்டல் லேப் உற்பத்தியாளர்தானா? சட்டம் 737-இன் ஒரு விலக்கும் ஜொகூரும்

மலேசியாவில் டென்டல் லேப்புகளை ஆளும் சட்டமே இல்லை என்பது இத்துறையில் எழுதுவோர் கேள்வியின்றிக் கைமாற்றிவரும் முடிவு. 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ள பல் மருத்துவச் சட்டம் (சட்டம் 804) பல் மருத்துவரையும் பல் சிகிச்சையாளரையும் பதிவுசெய்கிறது. பல் தொழில்நுட்பர் சட்டம் 774-இன் கீழ் வருகிறார். தனியார் கிளினிக்கைச் சட்டம் 586 கவனித்துக்கொள்கிறது. லேப்பை இவற்றுள் எதுவும் பெயர்சொல்லி அழைப்பதில்லை. இதுவரை எனக்கும் உடன்பாடே. இங்கிருந்து ‘வெற்றிடம்’ என்ற முடிவுக்குத் தாவுவதைத்தான் ஏற்க இயலவில்லை.

அந்த முடிவுக்கு ஜொகூர் வசதியான சான்றாகக் காட்டப்படுவதில் வியப்பில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி மருத்துவமும் சுகாதாரமும் மத்திய அரசுக்கு உரியவை; ஊராட்சி மாநிலத்துக்கு உரியது. ஆகவே ஜொகூர் பாருவில் ஒரு கடைவீட்டின் மாடியில் இயங்கும் லேப்பை மாநிலத்தின் கை தொடுவது மாநகர் மன்ற உரிமத்தின் வழியாகத்தான். அந்த உரிமத்துக்கு அடிப்படை 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு. அது கடையைப் பார்க்கும். கடையில் உருவாகும் பல்லைப் பார்க்காது.

பல்லைப் பார்க்கும் சட்டம் வேறொன்று உண்டு: 2012-ஆம் ஆண்டு மருத்துவச் சாதனச் சட்டம் (சட்டம் 737). பிணக்கு அதன் 2-ஆம் பிரிவில், ‘உற்பத்தியாளர்’ யார் என்ற வரையறையில் இருக்கிறது. ஒரு சாதனத்தை வடிவமைத்து, தயாரித்து, பதப்படுத்தி, தன் பெயரில் அதற்கொரு பயன்பாட்டை வரையறுப்பவர் உற்பத்தியாளர். ஆனால் சந்தையில் ஏற்கெனவே உள்ள சாதனங்களைத் தனிப்பட்ட நோயாளிக்காக ஒன்றுசேர்ப்பவரும் பொருத்தமாக மாற்றியமைப்பவரும் உற்பத்தியாளர் அல்லர் என்று அதே வரையறை விலக்குகிறது. ‘வெற்றிடம்’ என்போரின் வாசிப்பு இந்த விலக்கில் லேப்பை அப்படியே நுழைத்துவிடுகிறது. ஒவ்வொரு கிரவுனும் ஒரே ஒரு நோயாளிக்கானது. எனவே லேப் உற்பத்தியாளர் அல்ல என்பது அதன் தருக்கம்.

‘தனிப்பட்ட நோயாளி’ என்பதைப் பிடித்துக்கொண்ட இவ்வாசிப்பு, ‘சந்தையில் ஏற்கெனவே உள்ள சாதனம்’ என்ற முன்நிபந்தனையை விட்டுவிட்டது. லேப் மேசையில் நடப்பதைப் பார்க்கலாம். கிளினிக்கிலிருந்து அளவோடு ஒரு சீட்டு வருகிறது: பல் எண் 36, நிறம் ஏ2, சிர்கோனியா. தொழில்நுட்பர் கணினியில் கிரவுனை வரைகிறார். இயந்திரம் சுண்ணாம்புபோல் மென்மையான ஒரு வட்டிலிருந்து அதைக் கடைந்தெடுக்கிறது. கடையும்போது உருவம் வேண்டிய அளவைவிடப் பெரிது. ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸ் உலையில் வெந்த பிறகு ஐந்தில் ஒரு பங்குக்கும் குறையாமல் சுருங்கித்தான் வாய்க்குரிய அளவை அடைகிறது. அதன் வலிமையும் உலையில்தான் பிறக்கிறது. வட்டு தன்னளவில் மருத்துவச் சாதனமாகப் பதிவாகியிருந்தாலும், அதை ‘மாற்றியமைத்தார்’ என்று சொன்னால் களிமண்ணை மாற்றியமைத்தவர் குயவர் என்றும் சொல்லவேண்டிவரும்.

பல் செட்டு இதைவிடக் கடினமான வழக்கு என்பதை மறைக்கப்போவதில்லை. அதில் பதிக்கும் அக்ரிலிக் பற்கள் பெட்டியில் ஆயத்தமாக வருகின்றன. அவற்றை மெழுகில் வரிசையாக நிறுத்துவதைப் பார்ப்பவருக்கு ‘ஒன்றுசேர்த்தல்’ என்றே தோன்றும். ஆயினும் ஈறின்மேல் அமரும் அடித்தளம் எந்தக் கடையிலும் கிடைக்காது. மாவும் திரவமும் கலந்து, அச்சுப்பெட்டியில் அடைத்து, வெந்நீரில் வேகவைத்து லேப்பில்தான் உருவாகிறது. கடிவிசையைத் தாங்குவதும் புண்ணாக்குவதும் அந்த அடித்தளமே. உடைந்த செட்டில் ஒரு பல்லை மாற்றும் வேலைக்கு வேண்டுமானால் விலக்கு பொருந்தலாம். புதுச் செட்டுக்குப் பொருந்தாது என்றே கருதுகிறேன்.

சட்டத்தின் அமைப்பும் இதையே சுட்டுகிறது. அதன் கீழ் வந்த 2016-ஆம் ஆண்டு விலக்கு ஆணை, மருத்துவரின் வேண்டுகோளின்படி குறிப்பிட்ட ஒரு நோயாளிக்கெனச் செய்யப்படும் சாதனங்களைப் பதிவுக் கடமையிலிருந்து விடுவித்தது. இத்தகைய சாதனங்களைச் செய்வோர் எல்லாரும் 2-ஆம் பிரிவிலேயே வெளியேறிவிட்டார்கள் என்றால், அவற்றுக்கெனத் தனியே ஆணை எதற்கு? மேலும், பதிவிலிருந்து விடுபடுவது பொருள். அதைச் செய்தவர் பொறுப்பிலிருந்து விடுபடுகிறார் என்று அதிலிருந்து பெறமுடியாது. ஆணை நிற்பது ஒரு மருத்துவரின் வேண்டுகோளின்மேல் என்பதால், கிளினிக்கின் சீட்டு கடைக்கணக்கு மட்டுமல்ல, சட்ட ஆவணமும் ஆகிறது. சீட்டின்றி நோயாளிக்கு நேராகச் செட்டு செய்துதரும் லேப் இந்த விலக்கின் நிழலில் ஒதுங்க முடியாது.

மருத்துவரே முழுப் பொறுப்பாளி, லேப்பை ஏன் தனியே ஆளவேண்டும் என்ற மறுப்பு வழக்கமானது. உலோகக் கிரவுனைக் கையில் வாங்கும் மருத்துவர் அதில் நிக்கல் எவ்வளவு, பெரிலியம் உண்டா என்பதைக் கண்ணால் அறிய வழியில்லை. பெரிலியம் கலந்த உலோகத்தைத் தேய்க்கும்போது எழும் தூசு முதலில் சேதப்படுத்துவது தொழில்நுட்பரின் நுரையீரலை. சிறு லேப்புகள் மூடப்படும் என்ற அச்சம் கட்டண விகிதம் பற்றியது. வரையறையின் பொருளை அது மாற்றாது. இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம் செட்டும் பல் கருவிகளும் செய்பவரை ‘டென்டல் மெக்கானிக்’ என்று வரையறுத்து அவருக்கும் பதிவேடு வகுத்தது. அதை முன்மாதிரியாகக் காட்டுவோர், அது ஆளைப் பதிந்ததேயன்றிப் பொருளைத் தொடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

என் வாசிப்பின் விளைவு ஜொகூரில்தான் கூர்மையாகத் தெரியும். வேலையைத் துணை ஒப்பந்தக்காரரிடம் விட்டாலும் பொறுப்பாளி உற்பத்தியாளராகவே நீடிக்கிறார் என்கிறது அதே 2-ஆம் பிரிவு. கணினிக் கோப்பை வேறோர் ஊருக்கு அனுப்பிக் கடைந்து வாங்கி, தன் பெயரில் கிளினிக்குக்குக் கொடுக்கும் லேப் வெறும் இடைத்தரகர் ஆகாது. இறக்குமதியோடும் சந்தைப்படுத்தலோடும் ஏற்றுமதியையும் 5-ஆம் பிரிவு சேர்த்தே சொல்கிறது. எனவே பாலம் கடந்து சிங்கப்பூர் கிளினிக்குக்குப் போகும் கிரவுனுக்கு, அந்நாட்டு மருத்துவர் எழுதிய சீட்டு விலக்கு ஆணையின் ‘வேண்டுகோள்’ ஆகுமா என்பதை மருத்துவச் சாதன ஆணையம் தீர்மானித்தாக வேண்டும். ஆகாது என்றால், அந்தக் கிரவுன் எதுவும் இந்த விலக்கின் நிழலில் ஒதுங்க முடியாது.