ஒரே குகையில் எஞ்சியிருக்கும் கோலார் இலைமூக்கு வௌவால்

தங்கவயலால் தமிழர்களுக்கு நன்கு அறிமுகமான கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், முல்பாகல் வட்டம் ஹனுமனஹள்ளி கிராமத்தருகே ஒரு கருங்கல் குன்று உள்ளது. கோலார் இலைமூக்கு வௌவால் வாழ்வதாக இன்று உலகில் அறியப்பட்டுள்ள ஒரே இடம் அக்குன்றின் குகைதான். எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 150 முதல் 200 வரை மட்டுமே. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை மிக அருகிவிட்ட இனமாக வகைப்படுத்தியுள்ளது.

1994-ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆய்வாளர் டீட்டர் காக், இந்திய ஆய்வாளர் எச்.ஆர். பட் ஆகியோர் இதனைத் தனி இனமாக அறிவியல் உலகுக்கு அறிவித்தனர். மூக்கைச் சுற்றி இலை போன்ற தோல் மடிப்புகள் அமைந்திருப்பதே பெயருக்குக் காரணம். வௌவால் மூக்கின் வழியே எழுப்பும் மீயொலியை இம்மடிப்பு ஒருமுகப்படுத்துகிறது. பூச்சியில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு, கும்மிருட்டிலும் அது இரையைப் பிடிக்கிறது.

குகை வௌவால்கள் பொழுது சாய்ந்த பின்னரே வெளியேறும். பருந்து, வல்லூறு போன்றவற்றின் அச்சம் அப்போது குறைவு, பூச்சிகளோ மிகுதி. ஆய்வாளர்களுக்கும் இதுவே உகந்த நேரம். குகைக்குள் ஆட்கள் நுழைந்தால் குட்டிகளுடன் இருக்கும் தாய் வௌவால்கள் மிரண்டு இடம்பெயரக்கூடும். ஆகவே வாயிலுக்கு வெளியே அமர்ந்து, அகச்சிவப்பு ஒளிப்பதிவுக் கருவி, மீயொலியைப் பதிவு செய்யும் கருவி ஆகியவற்றின் துணையுடன் வெளிவருபவற்றை எண்ணுவது உலகெங்கும் உள்ள வழக்கம். பார்வையாளர்களுக்கும் அதே விதிதான்: பளிச்சிடும் விளக்கு கூடாது, பேச்சு கூடாது, பறக்கும் வழியில் நிற்கக் கூடாது.

இவ்வினத்துக்கு நேர்ந்த பெரும் ஆபத்து கருங்கல் குவாரிகள். வெடி அதிர்வால் குகை சிதைந்தால் இவை தஞ்சம் புக வேறிடம் இல்லை. முன்னர் இவை காணப்பட்ட தெரஹள்ளிக் குன்றில் இப்போது ஒன்றுகூட இல்லை. பேட் கன்சர்வேஷன் இந்தியா டிரஸ்ட் அமைப்பும் கர்நாடக வனத்துறையும் மேற்கொண்ட முயற்சியின் பயனாக, குகையைச் சுற்றி சுமார் 30 ஏக்கர் நிலம் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்கு கல் உடைப்பதும் நின்றது. ஆனாலும் இலைமூக்கு வௌவால்கள் பொதுவாக ஆண்டுக்கு ஒரு குட்டியே ஈனுவதால், எண்ணிக்கை விரைவில் பெருகாது.

கல்லைப் போலவே மனித அச்சமும் இடையூறுதான். 2018-இல் கோழிக்கோட்டிலும் 2019-இல் கொச்சியை உள்ளடக்கிய எர்ணாகுளம் மாவட்டத்திலும் நிபா வைரஸ் தொற்று தென்பட்டபோது, வௌவால் என்றாலே நோய் என்ற எண்ணம் பரவியது. அவ்வைரஸின் இயற்கை உறைவிடம் பெரிய பழந்தின்னி வௌவால்கள். கோலார் இனமோ பூச்சியுண்ணி.

சட்டத்தின் பார்வையும் நெடுங்காலம் கனிவாக இல்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் சலீம் அலி பழ வௌவால், ரோட்டன் வௌவால் ஆகிய இரண்டே இடம்பெற்றிருந்தன. பழந்தின்னிகளில் பெரும்பாலானவை எலி, காகத்துடன் சேர்த்துத் தொல்லை உயிரினங்களாகவே கருதப்பட்டன. அந்தப் பட்டியல் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீக்கப்பட்டது.