வெளிறும் முகங்கள்: வீட்டுப் பிரின்டரில் படம் அடிப்பவர்களுக்கு

இடம்பெயர்வில் அல்பங்களைத் தொலைத்த வீடுகளில் ஒருவரின் நினைவாக ஒரேயொரு சிறிய படம்தான் மிஞ்சியிருக்கும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் தொடர் போராட்டத்திலும் தாய்மாரின் கைகளில் இருந்தவை படங்கள்தான். வெயிலில் பிடித்தால் படம் வெளிறும், திரும்பவும் அடிக்கவேண்டும். வீட்டிலுள்ள இங்க்ஜெட் பிரின்டர் அந்த நாளில்தான் அடம்பிடிக்கும்.

முகத்தின் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள் விழுந்தாலோ, நிறம் மாறி வந்தாலோ உடனே புது மை வாங்கி ஊற்றவேண்டாம். பெரும்பாலும் மை வரும் நுண்துளைகள் காய்ந்து அடைத்திருக்கும். மெனுவில் உள்ள ‘நொசில் செக்’கைச் சாதாரண கடதாசியில் அடித்துப் பாருங்கள். எந்த நிறக் கோடு அறுந்திருக்கிறதோ அதில்தான் அடைப்பு. மஞ்சள் கோடு வெள்ளைக் கடதாசியில் இலகுவில் கண்ணுக்குப் பிடிபடாது. அதைத் தவறவிட்டால் முகம் நீலம் பாய்ந்து வரும்.

பிறகு ‘ஹெட் கிளீனிங்’ ஒருதடவை, மீண்டும் செக். மூன்று தடவையிலும் சரிவராவிட்டால் நிறுத்துங்கள். ஒவ்வொரு கிளீனிங்கும் நல்ல மையை இழுத்து உள்ளேயிருக்கும் கழிவுமைப் பஞ்சில் கொட்டுகிறது. பஞ்சு நிறைந்தால் பிரின்டரே நின்றுவிடும். ஓஃப் பண்ணி ஓரிரவு விட்டுக் காலையில் பாருங்கள், பல தடவை கோடு திரும்பி வந்துவிடும். ஊசியால் குத்துவது வேண்டவே வேண்டாம்.

அடைப்பு வராமல் பார்ப்பது இதைவிடச் சுலபம். வாரத்துக்கு ஒரு வர்ணப் பக்கம் அடியுங்கள். சுவர் சுவிட்சில் நிறுத்தாமல் பிரின்டரின் பொத்தானால் நிறுத்துங்கள், அப்போதுதான் மைத்தலை தன் மூடிக்குள் போய் அமரும். மின்வெட்டில் பாதியில் நின்றுவிட்டால், கரண்ட் வந்ததும் ஒருமுறை போட்டு முறையாக நிறுத்துங்கள்.

வீட்டுப் பிரின்டர்களின் வர்ண மை அனேகமாக ‘டை’ வகை. வெயிலுக்கு அது சீக்கிரம் வெளிறும். ‘பிக்மென்ட்’ மை கூடுதலாகத் தாங்கும்தான், ஆனால் டை மைக்கான பிரின்டரில் அதை ஊற்றினால் அடைத்துவிடும். வெளியே ஏந்திச் செல்லும் படத்தை பிக்மென்ட் மையில் அடிக்கும் கடையில் கொடுப்பதே நல்லது. லமினேட் செய்தால் மழை தாங்கும், வெயில் தாங்காது. அடித்து ஒருநாள் காயவிட்ட பின்பே லமினேட் செய்யுங்கள்.

எப்படியும் வெளிறத்தான் போகிறது என்பதால் மூலப்படத்தை முதலில் ஸ்கான் செய்யுங்கள். அடையாள அட்டை அளவுப் படமென்றால் 600 டிபிஐக்குக் குறையாமல். வெளிநாட்டு உறவினருக்கு ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், டொகியுமன்ட் ஆக அனுப்புங்கள். சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிப்போன பழைய படமென்றால் இழுத்துப் பிரிக்காதீர்கள். கண்ணாடியோடேயே ஸ்கானரில் வையுங்கள்.