பேரரசர் கோட்டைவிட்ட சொல்வதெழுதுதல்

1857-இல் பிரான்சின் ஃபோந்தேன்புளோ அரண்மனை விருந்தினருக்குப் பொழுது போகவில்லை. எழுத்தாளர் ப்ரோஸ்பெர் மெரிமே ஒரு பத்தியை வாசிக்க, அவையே உட்கார்ந்து எழுதியது. பேரரசர் மூன்றாம் நெப்போலியன் விட்ட பிழைகள் 75, பேரரசி 62, ஆஸ்திரியரான மெட்டர்னிக் மூன்றே மூன்று என்பது வழிவழியாக வரும் கதை.

பிரெஞ்சு அப்படிக் காலைவாரும் மொழிதான். 'அவன் பாடுகிறான்', 'அவர்கள் பாடுகிறார்கள்' இரண்டுமே காதுக்கு 'இல் ஷாந்த்'. பன்மையானால் முதல் சொல்லின் கடைசியில் ஓர் 'எஸ்', வினையின் கடைசியில் 'என், டி' சேரும். மூன்றும் வாயில் வராது. அதனால்தான் பிரெஞ்சுக்காரர்கள் பேனாவோடு மோதுகிறார்கள்.

அமெரிக்கர்களுக்கு வாயே போதும்; சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சொல்வதுதான் அங்கே போட்டி. நோவா வெப்ஸ்டர் 1783-இல் வெளியிட்ட எழுத்துக்கூட்டல் புத்தகம் கிராமப் பள்ளிகளில் போட்டியாக வளர்ந்தது. 1925-இல் லூயிவில் நகர நாளிதழ் ஒன்று மற்ற நாளிதழ்களையும் சேர்த்துக்கொண்டு அதைத் தேசியப் போட்டியாக்கியது. 'கிளாடியோலஸ்' என்ற பூவின் பெயரைச் சரியாக எழுத்துக்கூட்டிச் சொன்ன 11 வயது பிராங்க் நியூஹவுசர் முதல் சாம்பியன். 1985-இல் பாலு நடராஜன் வென்றார், இந்திய வம்சாவளியில் முதலாமவர். அவருக்கு வாய்த்த சொல் 'மில்யூ', பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குக் குடிபோன சொல்! அதே ஆண்டில் பிரான்சில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் பெர்னார் பிவோ சொல்வதெழுதும் போட்டியைத் தேசிய அளவில் தொடங்கினார்.

இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவில் இருக்கிறது கனடாவின் கியூபெக் மாகாணத்து மொன்றியல் நகரம். கியூபெக்கின் கல்வி அமைச்சராக 1964-இல் பொறுப்பேற்ற போல் ஜெரான்-லாஜுவா, 1977-இல் ஏழை நாட்டுப் பிள்ளைகளின் படிப்புக்காக இங்கே ஓர் அறக்கட்டளை தொடங்கினார். புலம்பெயர்ந்து வந்தவர்களின் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்பிய 101-ஆம் சட்டமும் அதே ஆண்டுதான் வந்தது. 1983-க்குப் பிறகு வந்த ஈழத்தமிழர் வீட்டுப் பிள்ளைகள் பிரெஞ்சில் எழுதிப் பழகியது அந்தச் சட்டத்தால்.

1991-இல் அறக்கட்டளை பள்ளிப் பிள்ளைகளுக்கான சொல்வதெழுதும் போட்டியைத் தொடங்கியது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதன் ஏற்பாடு. பிழையில்லாமல் எழுதப் பயிற்சி எடுக்கும் பிள்ளை, தெரிந்தவர்களிடம் நன்கொடையும் திரட்டும். அந்தப் பணம் வெளிநாட்டுப் பிள்ளைகளின் படிப்புக்கும் போகும். ஒரு காலத்தில் பிரபுக்களின் பொழுதுபோக்காக இருந்தது இப்போது முன்பின் பார்த்திராத ஒரு குழந்தைக்குப் பள்ளிக்கூடமாகிறது. மொன்றியலில் நடக்கும் இறுதிச்சுற்றுக்கு செனகல் போன்ற நாடுகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து, கியூபெக் பிள்ளைகளோடு அதே 'எஸ்'ஸுக்கும் அதே 'என், டி'க்கும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.