சுவிசேஷம் என்றால் என்ன? நற்செய்தி சொல்வதும் மதம் மாற்றுவதும் ஒன்றா? சட்டம் சொல்வது என்ன? - முழு விளக்கம்

தெருமுனையில் துண்டுப் பிரசுரம், டிவியில் காலை நேரப் பிரசங்கம், வாட்ஸ்அப்பில் தினமும் வரும் வசனம்... கிறிஸ்தவர்கள் தங்கள் நம்பிக்கையை மற்றவர்களுக்குச் சொல்வதை எல்லோரும் ஏதாவது ஒரு வகையில் பார்த்திருப்போம். சிலர் நின்று கேட்பார்கள். சிலர் எரிச்சலாவார்கள். சில இடங்களில் விஷயம் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய்விடும்.

சரி, அவர்கள் உண்மையில் என்னதான் சொல்ல வருகிறார்கள்? அதைச் சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்கிறதா? அந்த உரிமையின் எல்லை எது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுவிசேஷம்: பெயர் எங்கிருந்து வந்தது?

'யுவாங்கெலியோன்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'நல்ல செய்தி' என்று பொருள். இதைத்தான் தமிழில் சீர்திருத்தத் திருச்சபையினர் 'சுவிசேஷம்' என்றும், கத்தோலிக்கர்கள் 'நற்செய்தி' என்றும் சொல்கிறார்கள். சொல் வேறு, பொருள் ஒன்றுதான்.

இதில் கவனிக்க வேண்டியது 'செய்தி' என்ற வார்த்தை. நடந்து முடிந்த ஒன்றை அறிவிப்பதுதான் செய்தி. "இப்படி வாழுங்கள்" என்ற அறிவுரை அதற்குப் பிறகுதான் வருகிறது என்பது கிறிஸ்தவர்களின் விளக்கம்.

மையச் செய்தி என்ன?

சபைக்குச் சபை வழிபாடு மாறலாம். ஆனால் அடிப்படைச் செய்தியை நான்கு வரிகளில் சொல்லிவிடலாம்.

* கடவுள் மனிதர்களை அன்போடு படைத்தார்.

* பாவம் மனிதர்களைக் கடவுளிடமிருந்து பிரித்துவிட்டது.

* அந்தப் பாவத்துக்காக இயேசு சிலுவையில் மரித்து, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார்.

* மனம் திரும்பி அவரை நம்புகிறவர்களுக்கு மன்னிப்பும் புது வாழ்வும் கிடைக்கும்.

கொரிந்து நகர கிறிஸ்தவர்களுக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தின் 15-வது அதிகாரத்தில் இதன் மிகப் பழைய சுருக்கம் இருக்கிறது. இயேசுவின் மரணத்துக்குப் பிறகு சுமார் 25 ஆண்டுகளுக்குள் எழுதப்பட்ட கடிதம் அது.

இந்த மன்னிப்பு இலவசம் என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். காசு கொடுத்தோ, நல்ல காரியங்கள் செய்தோ அதைச் சம்பாதிக்க முடியாது; அது கடவுள் தரும் பரிசு என்பது கிறிஸ்தவ நம்பிக்கை.

ஏன் எல்லோரிடமும் சொல்கிறார்கள்?

மத்தேயு நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில், எல்லா மக்களிடமும் போய்ச் சீடராக்கும்படி இயேசு கட்டளையிடுகிறார். அதனால் இதை விருப்பம் இருந்தால் செய்யும் வேலையாக அவர்கள் பார்ப்பதில்லை, கடமையாகப் பார்க்கிறார்கள்.

அந்தக் கடமையோடுதான் 1706 ஜூலையில் சீகன்பால்கு தரங்கம்பாடி வந்து இறங்கினார். டென்மார்க் மன்னர் அனுப்பிய இந்த ஜெர்மானியர் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்தார். 1715-ல் அது தரங்கம்பாடியிலேயே முழுமையாக அச்சாகி முடிந்தது.

சொல்ல வந்தவர்களைக் கேள்வி கேட்ட தமிழர்

1910-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. அங்கே பேசியவர்களில் ஒருவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ்.அசரியா. வெள்ளைக்கார மிஷனரிகளின் தியாகத்தை மதித்துப் பேசிய அவர், இந்திய ஊழியர்களோடு அவர்கள் சரிசமமாகப் பழகுவதில்லை என்பதையும் நேருக்கு நேர் சொன்னார். உதவியோடு நட்பும் வேண்டும் என்று கேட்டார்.

அன்பைப் பற்றிச் சொல்கிறவர் அன்பாக நடக்கிறாரா என்பதுதான் அந்தக் கேள்வியின் சாரம். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1912-ல், அவரே ஆங்கிலிகன் திருச்சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியலமைப்பின் 25-வது பிரிவு, ஒருவர் தன் மதத்தை ஏற்கவும் பின்பற்றவும் மட்டுமல்ல, பரப்பவும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு எல்லா மதத்தினருக்கும் இது பொருந்தும்.

'பரப்புதல்' என்ற சொல் வேண்டுமா, வேண்டாமா என்று 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் காரசாரமான விவாதமே நடந்தது. அந்தச் சொல் இருக்கட்டும் என்று பேசியவர்களில் டி.டி.கிருஷ்ணமாச்சாரியும் ஒருவர். கிறிஸ்தவக் கல்வி நிறுவனங்களில் சுமார் 14 ஆண்டுகள் படித்தும் தன்னை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்று அவர் சபையில் குறிப்பிட்டார்.

1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. தன் மதக் கோட்பாடுகளை எடுத்துச் சொல்லிப் பரப்ப உரிமை உண்டு; இன்னொருவரை மதம் மாற்றுவது அடிப்படை உரிமை ஆகாது என்பதே அந்தத் தீர்ப்பு. அதாவது, சொல்வது பேசுகிறவரின் உரிமை. ஏற்பதா, மறுப்பதா என்பது கேட்கிறவரின் மனசாட்சிக்கு உட்பட்டது.

கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 1967-ல் ஒடிசாவில் வந்தது. இன்று உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், குஜராத் உள்ளிட்ட பல மாநிலங்களில் இப்படிப்பட்ட சட்டங்கள் உள்ளன. தமிழ்நாட்டில் 2002-ல் ஜெயலலிதா அரசு கொண்டுவந்தது. 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பிறகு அதே அரசு அதைத் திரும்பப் பெற்றது.

ஆசை காட்டி மாற்றுகிறார்களா?

சோஷியல் மீடியாவில் கிறிஸ்தவர்களை 'அரிசி மூட்டை' என்று கேலி செய்யும் வழக்கம் இருக்கிறது. பண்டத்துக்காக மதம் மாறியவர்கள் என்பது அந்தக் கேலியின் உள்ளர்த்தம். மதம் மாறிய தலித்துகளின் நிலையைப் பார்த்தால் கணக்கு அப்படி வரவில்லை. 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவார்கள். கிறிஸ்தவராக மாறும் தலித்துகள் பட்டியல் சாதி இடஒதுக்கீட்டை இழக்கிறார்கள். உண்மையான நம்பிக்கை இல்லாமல், சலுகைக்காக மட்டும் மதம் மாறுவதாகச் சொல்வதை அரசியலமைப்பு மீதான மோசடி என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒருவரின் வழக்கில் வந்த தீர்ப்பு அது.

அதற்காகப் புகார்களே இல்லை என்று திருச்சபைகளும் சொல்வதில்லை. வாடிகன், உலகத் திருச்சபைகள் மன்றம், உலக நற்செய்திக் கூட்டமைப்பு மூன்றும் சேர்ந்து 2011-ல் ஒரு நடத்தை நெறி ஆவணம் வெளியிட்டன. ஏமாற்றுதல், கட்டாயப்படுத்துதல், பண ஆசை காட்டுதல், வறுமையைப் பயன்படுத்திக்கொள்ளுதல் ஆகியவற்றை அது நிராகரிக்கிறது. நம்பினால் பணமும் ஆரோக்கியமும் தேடி வரும் என்ற 'செழிப்பு உபதேச'த்தை 2010 கேப்டவுன் மாநாட்டின் ஆவணமும் கடுமையாக விமர்சித்தது.

காரணம் எளிது. இலவசப் பரிசு என்று சொல்லும் செய்திக்கு விலை வைத்தால், அந்தச் செய்தியே பொய்யாகிவிடும்.

இன்று ஏன் இது முக்கியம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கிறிஸ்தவர்கள் 2.3 சதவீதம், தமிழ்நாட்டில் 6.12 சதவீதம், அதாவது சுமார் 44 லட்சம் பேர். அவர்களைப் பொறுத்தவரை குற்ற உணர்ச்சியிலும் தனிமையிலும் தவிக்கிறவர்களுக்கு மன்னிப்பு உண்டு என்று சொல்வதுதான் இந்தச் செய்தியின் இன்றைய தேவை.

கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது. ஒருவர் தன் நம்பிக்கையைப் பேசலாம், இன்னொருவர் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லலாம். இரண்டுக்குமே பாதுகாப்பு தருவது அதே 25-வது பிரிவுதான். நாத்திகம் பேசுகிறவரும் அதே பிரிவு சொல்லும் மனசாட்சிச் சுதந்திரத்தில் நின்றுதான் பேசுகிறார்.

அடுத்த முறை யாராவது துண்டுப் பிரசுரம் நீட்டினால் வாங்கிப் படிக்கலாம், வேண்டாம் என்று நகர்ந்தும் போகலாம். கையைப் பிடித்துத் திணிக்க அவருக்கு உரிமை இல்லை. நீட்டினார் என்பதற்காக அவரை அடிக்க யாருக்கும் உரிமை இல்லை.