மண் அட்டையில் தேதியைப் பாருங்க

2015 பிப்ரவரியில் மத்திய அரசு மண்வள அட்டைத் திட்டத்தை ஆரம்பித்தது. அட்டையில் 12 அளவுகள் இருக்கும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கரிமம், உப்பு, கார அமிலத் தன்மை, அப்புறம் கந்தகம், துத்தநாகம் மாதிரி ஆறு சின்னச் சத்துகள். எல்லாரும் இந்த எண்களைத்தான் பார்ப்பாங்க. மண் எடுத்த தேதியைப் பார்க்கிறவங்க கம்மி. ஆனால் எங்க மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் தேதி இல்லாம அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

சித்திரை, வைகாசி வெயிலில் அடிமண் ஈரம் மேலே ஏறி ஆவியாகப் போகும், உப்பு மட்டும் தங்கிடும். வரப்போரம் வெள்ளையாகப் பூத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை அதைக் கரைத்துக் கீழே இறக்கிவிடும். தழைச்சத்தும் நிலையாக நிக்காது. காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் நுண்ணுயிர்கள் விழித்துக்கிட்டு அதைப் பெருக்கும். பெர்ச் என்கிறவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் இதை ஆராய்ந்து 1958-ல் எழுதினார். அடுத்து வருகிற பெருமழை அதையே அடித்துக்கிட்டுப் போயிடும். தண்ணி கட்டின நெல் வயலில் இரும்பு பிடித்து வைத்திருந்த மணிச்சத்து வெளியே வரும். வயல் காய்ந்தால் திரும்பவும் இறுகிடும்.

இதெல்லாம் எல்லா ஊருக்கும் பொது. உப்புக் கதை மட்டும் எங்களுக்கே ஆனது.

1960-களில் ஐ.நா. உதவியோட இங்கே நிலத்தடி நீரை அளந்தாங்க. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கம் நல்ல தண்ணி இருக்குன்னு தெரிஞ்சுது. 1969-லிருந்து அந்தக் கிணறுகளின் தண்ணி மணலித் தொழிற்சாலைகளுக்குப் போக ஆரம்பித்தது. அதில் ஒண்ணு, 1971-ல் உற்பத்தியைத் தொடங்கின உரத் தொழிற்சாலை. எங்க யூரியா மூட்டை வந்த இடமும், எங்க தண்ணி போன இடமும் ஒண்ணுதான்! இனிப்புத் தண்ணி குறையக் குறைய கடல் நிலத்துக்கு அடியில் உள்ளே நுழைந்தது. 1969-ல் சுமார் 3 கிலோமீட்டர் வந்திருந்த உப்பு, பின்னாளில் 10 கிலோமீட்டரையும் தாண்டியது. 2010-ல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தாங்க. தினம் 10 கோடி லிட்டர், சென்னைக்கு.

சம்பாவுக்கு மழை இருக்கு. நவரை, சொர்ணவாரிக்குக் கிணற்றுத் தண்ணிதான். அதனால் கோடையில் உப்பு இரண்டு வழியாக ஏறுது, மேலே பாய்ச்சுகிற தண்ணியிலும், கீழேயிருந்தும். மே மாச மண்ணையும் ஜனவரி மண்ணையும் பக்கத்தில் வச்சா, ஒரே வயல்னு நம்ப முடியாது.

மனை புரோக்கருங்களுக்கு இது நல்லாத் தெரியும். கோடை அட்டையைக் காட்டி, "நிலம் கெட்டுப்போச்சு அண்ணே, குடுத்துடுங்க" என்பாங்க. நான் வருஷா வருஷம் சம்பா அறுத்ததும், எரு கொட்டுறதுக்கு முன்னாடி, அதே இடங்களில்தான் மண் எடுக்கிறேன். தை மாசத்தைத் தை மாசத்தோட ஒப்பிட்டாத்தான் உப்பு நிஜமாவே ஏறுதா, வெயில் போனதும் இறங்கிடுதான்னு தெரியும்.