வண்டிப்பெரியார்த் தேயிலைத் தோட்டங்களின் வேலை ஒழுங்கும் சொல்வழக்கும் – ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

வண்டிப்பெரியார் என்னும் ஊர்ப்பெயரில் வண்டியும் ஆறும் ஒருங்கே அமைந்துள்ளன. கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், பீர்மேடு வட்டத்தில், கோட்டயத்திலிருந்து குமுளிக்குச் செல்லும் மலைச்சாலையில் பெரியாற்றங்கரையில் அமைந்த ஊர் இது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அவற்றில் தலைமுறை தலைமுறையாக உழைத்துவருவோருள் பெரும்பகுதியினர் தமிழ் பேசுவோர். எவ்வளவு கொழுந்தை, எத்தனை பேர், எத்தனை நாளுக்கு ஒருமுறை பறித்து, எவ்வளவு நேரத்திற்குள் ஆலையில் சேர்ப்பது என்னும் வினா இத்தோட்டங்களில் நாள்தோறும் எழுவது. இவ்வகை வினாக்களை ஆராயும் துறையைச் செயல்முறை ஆராய்ச்சி என்றும் செயற்பாட்டு ஆய்வு என்றும் பலவாறு தமிழில் பெயரிட்டு வழங்குகின்றனர். அத்துறைக்குப் பெயர் தோன்றுமுன்னரே அதன் சிக்கல்கள் தோட்டத்தில் இருந்தன. அவற்றைப் பேசத் தோட்டத் தமிழில் சொற்களும் இருந்தன. அவ்வேலை ஒழுங்கின் வரலாற்றையும் அதன் சொற்களையும் ஒருசேர நோக்கி, மொழிபெயர்ப்பாளர்க்கு அவற்றால் விளையும் பயனைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சாலையும் சரக்கும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பீர்மேட்டு மலைகளில் முதலில் வேரூன்றிய பயிர் காப்பியாகும். 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட காப்பி இலைநோய் அடுத்த ஆண்டுகளில் தென்னிந்திய மலைகளிலும் பரவியது. காப்பி நலிந்த இடத்தில் தேயிலை புகுந்தது. பயிர் மாறியதோடு காலக்கணக்கும் மாறியது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. காப்பி, ஆண்டில் ஒரு பருவத்தில் பழுத்து, உலர்த்தியபின் காத்திருக்கக்கூடியது. தேயிலையோ ஆண்டு முழுதும் துளிர்ப்பது. பறித்த கணத்திலிருந்தே மாறத் தொடங்குவது. எனவே காப்பிக்குப் பருவ வேலையாட்கள் போதுமாக இருக்க, தேயிலை குடியமர்ந்த வேலையாட்களை வேண்டி நின்றது. லயம் எனப்படும் வரிசை வீடுகள் பெருகியதற்கு இத்தேவையும் ஒரு காரணம் எனலாம்.

இம்மலைக்கு வழங்கல் இரு திசைகளிலிருந்து அமைந்தது. கிழக்கே குமுளிக் கணவாய் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஆட்களும் அரிசியும் வந்தனர், வந்தது. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதியினர் கங்காணிகளின் முன்பணம் பெற்று மலையேறினர். மேற்கே தேயிலைப் பெட்டிகள் மாட்டுவண்டிகளில் கோட்டயத்திற்கு இறங்கி, அங்கிருந்து காயல் வழியே துறைமுகம் சென்றன. இராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில் கொச்சித் துறைமுகம் ஆழப்படுத்தப்பட்டு 1928இல் கப்பல்கள் உள்ளே வந்தபின் கொச்சியின் முதன்மை உறுதிப்பட்டது. 1947இல் அங்குத் தேயிலை ஏலம் தொடங்கியது. அதனால் மலைத்தோட்டத்தின் வாரக்கணக்கு ஏல நாளோடு பிணைந்தது.

1956இல் மாநிலச் சீரமைப்பின்போது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் தமிழகத்தோடு சேரவேண்டுமென்ற கோரிக்கை நிறைவேறவில்லை. அவை கேரளத்தில் நிலைபெற்றன. 1972இல் இடுக்கி மாவட்டம் உருவாயிற்று. இதன் விளைவாக, பேச்சு தமிழிலும் ஆட்சி மலையாளத்திலும் கணக்கேடு ஆங்கிலத்திலும் நடைபெறும் ஒரு மும்மொழிச் சூழல் இத்தோட்டங்களில் அமைந்தது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தத்தம் மொழியில் அரசுடன் தொடர்புகொள்ளத் தனி வகை செய்துள்ளது. ஆகவே இங்கு மொழிபெயர்ப்பு அன்றாடத் தேவையாகும்.

3. பறிப்புச் சுற்றின் கணக்கு

தேயிலைச் செடியில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறிப்பது நல்ல பறிப்பு. பறித்த இடத்தில் மறுபடியும் பறிக்கத் தக்க துளிர் வர ஏறத்தாழ ஒரு வாரம் முதல் இரு வாரம் வரை ஆகும்; மழையும் உயரமும் வெயிலும் அதனை மாற்றும். இக்கால இடைவெளியே பறிப்புச் சுற்று.

எடுத்துக்காட்டாக, 240 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு தோட்டத்தைக் கருதலாம். சுற்று 12 வேலை நாளாயின் நாளொன்றுக்கு 20 ஹெக்டேர் பறித்தாக வேண்டும். அதில் 8,000 கிலோ கொழுந்து கிடைக்குமெனின், ஒருவர் 40 கிலோ பறிக்கும் நிலையில் 200 பேர் தேவை. மழைக்குப்பின் துளிர் பெருகி நாளுக்கு 12,000 கிலோ ஆகும்போது 300 பேர் வேண்டும். 200 பேரே உளராயின் அதே பரப்பை முடிக்க 18 நாள் ஆகும். மிகையான அந்த 6 நாளில் கொழுந்து முற்றுகிறது. முற்றிய இலை ஏலத்தில் விலை குறைகிறது. ஆள் குறைந்தால் எடை மட்டுமே குறையும் என்று எண்ணுவது பொருந்தாது. தரமும் அதனோடு குறைகிறது. இம்முரணை அறிந்தே தோட்ட நிருவாகங்கள் பெருக்கக் காலத்தில் களையெடுப்பு முதலான பணிகளை நிறுத்தி எல்லாக் கைகளையும் பறிப்புக்குத் திருப்பின. பின்னாளில் கத்தரிப் பறிப்பையும் புகுத்தின.

இச்சுற்றுக்கு மேல் மற்றொரு நீண்ட சுற்றும் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியை வெட்டித் தாழ்த்தும் கவாத்து அது. எல்லாப் பகுதியையும் ஒரே ஆண்டில் கவாத்துச் செய்தால் ஆலைக்குக் கொழுந்து இராது. ஆதலின் தோட்டத்தைப் பகுதிகளாக வகுத்து ஆண்டுக்கு ஒரு பகுதியாகக் கவாத்து நடைபெறும். நாட்சுற்றும் ஆண்டுச்சுற்றும் ஒன்றனுள் ஒன்று அமைந்த இக்கால ஒழுங்கு, அட்டவணையிடலுக்குத் தக்கதொரு சான்றாகும்.

4. ஆலையின் காலமும் எரிபொருளும்

பறித்த கொழுந்தைக் கூடையில் அமுக்கினாலோ குவித்துவைத்தாலோ சூடேறிச் சிவக்கும். எனவே ஒரே நாளில் பலமுறை நிறுத்து ஆலைக்கு அனுப்புவர். ஆலையில் கொழுந்து ஏறத்தாழ 12 முதல் 18 மணி நேரம் வாட்டப்பட்டு, பின்னர் நசுக்கப்பட்டு, நொதித்து, சூட்டில் உலர்த்தப்படும். நாளுக்கு 8,000 கிலோ வரும் ஆலையில் வாட்டம் 18 மணி நேரமாயின் வாட்டுத் தொட்டிகளில் சராசரியாக 6,000 கிலோ தங்கியிருக்கும். வரத்து வேகத்தைத் தங்கும் நேரத்தால் பெருக்கினால் தங்கும் அளவு கிடைக்கும் என்னும் இவ்வுறவை 1961இல் ஜான் லிட்டில் கணித முறையில் நிறுவினார். வரத்து 12,000 கிலோவானால் தொட்டியில் 9,000 கிலோ தங்கவேண்டும். அதற்கு இடமில்லாத ஆலையில் வாட்டம் குறுகும்.

வாட்டம் குறுகுவதன் விலையை எரிபொருளில் காணலாம். 1,000 கிலோ கொழுந்தில் ஈரம் 77 விழுக்காடு எனக் கொண்டால் 770 கிலோ நீர் உள்ளது. வாட்டத்தில் ஈரம் 70 விழுக்காடாகக் குறைந்தால் ஏறத்தாழ 233 கிலோ நீர் காற்றிலேயே வெளியேறும். 3 விழுக்காடு ஈரமுள்ள தூளாக்க, எஞ்சிய சுமார் 530 கிலோ நீரைச் சூட்டினால் போக்கவேண்டும். வாட்டம் குறையக் குறைய அடுப்பின் சுமை கூடும். தோட்டங்கள் விறகுக்கென யூகலிப்டசு வளர்த்த வரலாறும் இக்கணக்கோடு தொடர்புடையது. ஆகவே வயலில் ஆளை ஒழுங்காகப் பகிர்வதும் காட்டில் மரத்தைக் காப்பதும் தம்முள் தொடர்புடையன என்பது பெறப்படும்.

இக்காலத்தில் மற்றொரு கட்டுப்பாடும் சேர்ந்துள்ளது. பூச்சிமருந்து தெளித்தபின் குறித்த நாள்கள் கழியுமுன் பறித்தல் கூடாது. தேயிலை வாரியம் 2014இல் பயிர்ப்பாதுகாப்பு விதித்தொகுப்பை வெளியிட்டபின் இது மேலும் கண்டிப்பாயிற்று. தெளிப்புநாளும் பறிப்புநாளும் இசையாவிடில் ஒரு சுற்றே வீணாகும்.

5. சொற்களின் வரலாறு

செயல்முறை ஆராய்ச்சி போர்க்களத்தில் பிறந்த துறை. 1930களின் இறுதியில் பிரித்தானிய வான்படையின் ரேடார்ப் பணியில் அது உருப்பெற்றது. அதன் ஆங்கிலப் பெயரில் உள்ள முதற்சொல் படை நடவடிக்கையைக் குறித்ததே. இந்தியாவில் மகலநோபிசின் திட்டப்பணிகளும், 1957இல் அமைந்த இந்தியச் செயல்முறை ஆராய்ச்சிக் கழகமும் அதனை வளர்த்தன. தோட்டத் தமிழிலும் படைத்துறைச் சாயல் காணப்படுவது வியப்பிற்குரியது. காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் அழைத்து வேலை பகிரும் நிகழ்ச்சி பெரட்டு. அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு அஃது என்பர். கவாத்து என்னும் சொல்லும் படைப்பயிற்சியைக் குறிக்கும் உருது வழிச் சொல்லாகக் கருதப்படுகிறது. ஆளை வரிசைப்படுத்துதலும் செடியை மட்டப்படுத்துதலும் இவ்வாறு ஒரே சாயலுடைய சொற்களால் குறிக்கப்படுகின்றன.

கங்காணி என்பது கண்காணி என்பதன் பேச்சுவடிவம். கண்காணி என்னும் சொல் சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிற்பணி மேற்பார்வையைக் குறித்து வருகிறது. தோட்டத்தில் அது ஆள் திரட்டுபவராகவும் கடன் கொடுப்பவராகவும் மேற்பார்வையாளராகவும் ஒருங்கே அமைந்தவரைக் குறித்தது. லயம் என்பது ஆங்கில லைன் என்பதோடும், குதிரைக் கொட்டிலைக் குறிக்கும் லாயம் என்பதோடும் தொடர்புபடுத்தப்படுகிறது. இவையனைத்தினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது பேர் என்னும் சொல்லாகும். இலங்கை மலையகத் தமிழில் ஒருநாள் வேலைக்கு ஏட்டில் பதிவது பேர் போடுதல். பாதிநாள் வேலை அரைப்பேர். கூலியின் அலகாக ஒரு மனிதரின் பெயரே நிற்கிறது. எடை போதாதபோது மனிதரின் பெயரே பாதியாகிறது.

6. மொழிபெயர்ப்பில் எழும் வினா

இன்றைய கலைச்சொல்லாக்கத்தில் மனிதவளம், வள ஒதுக்கீடு, வழங்கல் சங்கிலி, அட்டவணையிடல் முதலிய தொடர்கள் நிலைபெற்றுள்ளன. பொது நூல்களுக்கு அவை ஏற்றனவே. ஆயினும் தோட்ட ஆவணத்தை மொழிபெயர்ப்போர் அரைப்பேர் என்பதைப் பாதிநாள் ஊதியம் என்று மட்டும் பெயர்த்தால், நாள் முழுதும் மலையில் நின்றும் எடை குறைந்ததால் பாதிக்கூலி பெறும் நிலை மறைந்துவிடும். நேரத்தின் அலகும் எடையின் அலகும் அச்சொல்லில் மயங்கி நிற்கின்றன. மொழிபெயர்ப்பு அம்மயக்கத்தைக் காட்டவேண்டும். தேயிலைத் தோட்ட மருத்துவர் பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட புதினம் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் எரியும் பனிக்காடு எனத் தமிழுக்கு வந்தது. தமிழில் நிகழ்ந்த வாழ்க்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டு மீண்டும் தமிழுக்குத் திரும்பிய இத்தகைய நூல்களில், தோட்டச் சொல்லை மீட்பதா, நூல்வழக்கை இடுவதா என்னும் வினா பக்கந்தோறும் எழும்.

2015ஆம் ஆண்டு செப்டம்பரில் மூணாறுப் பெண் தொழிலாளர் நடத்திய போராட்டம் இதற்கு மற்றொரு சான்று. அவ்வியக்கம் பொம்பிளை ஒருமை எனப் பெயர் பெற்றது. முதற்சொல் பேச்சுத் தமிழ். ஒருமை மலையாளத்தில் ஒற்றுமையைக் குறிப்பது. தமிழ் இலக்கணத்தில் அதே சொல் பன்மைக்கு மறுதலையான எண். பலர் ஒன்றானதைக் குறித்த பெயரை இலக்கணப் பொருளில் கொண்டால் கருத்துத் தலைகீழாகும். அப்போராட்டத்தைத் தொடர்ந்து கேரளத்தில் நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. நாளுக்குப் பறிக்கவேண்டிய குறைந்த அளவும் 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக உயர்ந்தது. கணித அமைப்பில் இவ்விரண்டும் இரு எண்கள். ஒன்றை உரிமை என்றும் மற்றொன்றை இலக்கு என்றும் பெயர்ப்பதா, இரண்டையும் ஒப்பந்த நிபந்தனை என்று பெயர்ப்பதா என்பதில் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு வெளிப்படுகிறது.

7. ஒழுங்கின் முறிவு

1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்தது இந்தியத் தேயிலையின் பெருஞ்சந்தையைத் தாக்கியது. 1990களின் இறுதியில் விலை வீழ, 2000ஆம் ஆண்டு முதல் பீர்மேட்டு வட்டாரத்தில் பல தோட்டங்கள் கைவிடப்பட்டன. ஆலை நின்றது, பெரட்டு நின்றது, ஆயினும் செடி துளிர்ப்பதை நிறுத்தவில்லை. லயங்களில் எஞ்சிய குடும்பங்கள் பகுதிகளைத் தமக்குள் பங்கிட்டுப் பறித்து, கொழுந்தை வெளியாலைகளுக்கு விற்று வாழ்ந்தன. இளையோர் பலர் தமிழகத்து நகரங்களுக்கும் கேரளத்துப் பிற பகுதிகளுக்கும் வேலை தேடிச் சென்றனர். இவ்வட்டார வாழ்வைச் செயசீலன் ராஜ் 2022இல் வெளியிட்ட ஆங்கில ஆய்வுநூல் விரிவாக ஆராய்கிறது. இயங்கும் தோட்டங்களில் இன்று வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்தோரும் பணிபுரிகின்றனர். இதனால் தோட்டத் தமிழின் வழங்கெல்லை சுருங்கிவருகிறது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, வண்டிப்பெரியார்த் தோட்டங்களில் ஆளும் செடியும் ஆலையும் சந்தையும் ஒரே காலக்கணக்கில் பிணைந்திருந்தன. இரண்டாவது, அக்கணக்கைப் பேச உருவான சொற்கள் வெறும் வட்டார வழக்குகள் அல்ல. அவற்றில் அளவும் அதிகாரமும் பதிந்துள்ளன. மூன்றாவது, புதுக் கலைச்சொல் படைப்போர் இச்சொற்களை அறிந்தபின் படைத்தல் நன்று. ஒரு சொல்லகராதியில் பேர் என்பதற்குப் பொருள் எழுதும்போது, நாட்கூலியின் அலகு என்பதோடு, அது யாருடைய பெயர் என்பதும் நினைவில் நிற்கவேண்டும். லயங்களில் இச்சொற்களை வழங்கிய முதியோர் இருக்கும்போதே அவற்றைத் தொகுப்பது மொழியியலார்க்குரிய உடனடிக் கடமையாகும்.