தத்தியின் தாய்மாமன்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரான்சு தன் நகரங்களை இடித்துப் புதுக்கிக்கொண்டிருந்த காலத்தில், 1958இல், ழாக் தத்தி இயக்கி நடித்த 'என் மாமா' வெளிவந்தது. கான் விழாவின் நடுவர் சிறப்புப் பரிசும், அயல்மொழிப் படத்திற்கான ஆஸ்கார் விருதும் அதற்குக் கிடைத்தன. பிரெஞ்சில் 'ஓங்க்ல்' என்பது சித்தப்பனுக்கும் மாமனுக்கும் பொதுச்சொல். படத்தின் யூலோவோ சிறுவன் ழெராரின் தாயுடன் பிறந்தவன். தாய்மாமன் என்று தமிழே துல்லியமாகச் சொல்லிவிடுகிறது.

தங்கை தமக்கை உறவெல்லாம் அந்த நவீன வீட்டில் ஒரு மீனிடம் அடங்கிக்கிடக்கிறது. முற்றத்தில் நிற்கும் உலோக மீன், வாயில்மணி ஒலித்ததும் வானோக்கி நீரைப் பீய்ச்சும். வந்தவன் யூலோதான் என்று தெரிந்தால் அக்கணமே நீர் நிறுத்தப்படும். உரையாடல் எதுவும் வேண்டாத அவமதிப்பு அது! அவனும் அதைப் பொருட்படுத்துவதில்லை. பழைய குடியிருப்பில், மாடத்து ஓர வீட்டில், சன்னல் கண்ணாடியைச் சற்றே திருப்பி வெயிலைக் கூண்டுப் பறவைமேல் பாய்ச்சிப் பாடவைப்பதே அவனுக்குப் போதும்.

தத்தி முன்னேற்றத்தின் பகைவர் என்னும் குற்றச்சாட்டு எழுந்ததுண்டு. அது பாதி உண்மையே. நெகிழிக்குழாய் ஆலை நடத்தும் தந்தை ஆர்ப்பெல் கொடியவர் அல்லர். மகனுடன் விளையாடத் தெரியாதவர், அவ்வளவே. மாமனிடம் மகன் ஒட்டிக்கொள்வதைப் பொறாத அவர், யூலோவை வெளியூருக்கு அனுப்பிவிடுகிறார். பழைய சுவர்கள் கடப்பாரைக்கு இரையாகின்றன. வழியனுப்பும் வேளையில் அவர் அடித்த சீழ்க்கைக்குத் திரும்பிப் பார்த்த வழிப்போக்கன் ஒருவன் கம்பத்தில் மோதிக்கொள்கிறான். அது ழெராரின் பழைய குறும்பு. சிரிப்பை அடக்கியபடி சிறுவன் தந்தையின் கையைப் பற்றுகிறான். யூலோ அதற்குள் கூட்டத்தில் மறைந்திருந்தான்.